தெல்தோட்டையில் நின்ற விண்கலம்

இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை இரண்டாகப் பிரித்தே ஆகவேண்டும்: ‘ஒளிக்கோள் ராணி’க்கு முன், ‘ஒளிக்கோள் ராணி’க்குப் பின். இந்தப் பேருண்மையை முதன்முதலாக உலகுக்கு அறிவித்தவர் அந்தப் படத்தின் இயக்குநர் ராஜலிங்கம். இரண்டாவது தடவை அறிவித்தவரும் அவர்தான். மூன்றாவது தடவை அவர் மனைவி வீரம்மா, சோறு ஆறிப்போகிறதே என்ற கவலையில், “சரிங்க, ரெண்டாப் பிரிச்சாச்சு, வந்து சாப்பிடுங்க” என்று ஒப்புக்கொண்டாள். அந்தப் படம் ஓர் அடிகூட எடுக்கப்படவில்லை என்பதை வரலாறு ஒரு சின்னக் குறையாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்பது ராஜலிங்கத்தின் கட்சி.

எழுபத்தைந்தாம் ஆண்டு. இந்தியப் படங்களின் வரவு குறைந்து, உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்கு நல்ல காலம் பிறந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி வைத்திருந்தவர்களெல்லாம் இயக்குநர்கள் ஆனார்கள். ராஜலிங்கத்திடம் இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் இருந்தன. கண்டியில் ஒரு கந்தோரில் கடிதம் அனுப்பும் பிரிவில் கிளாக்கர் வேலை; அம்பிட்டியவில் வாடகை வீடு; அனுபவம் என்று பார்த்தால், நாவலப்பிட்டியில் நடந்த ஒரு சரித்திர நாடகத்தில் மந்திரியாக வந்து மூன்று வசனம் பேசியது. அவற்றில் இரண்டு ‘ஆகட்டும் அரசே.’

கதை கிடைத்த விதமே ஒரு கதை. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை விட்டு வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் புறப்பட்டபோது பங்களாவில் விட்டுப்போன சாமான்களில் ஒரு தடித்த ஆங்கில நாவலும் இருந்தது. கைமாறிக் கைமாறி அது ராஜலிங்கத்திடம் வந்து சேர்ந்தது. சூரியனுக்கு அந்தப்புறம், நம் கண்ணில் படாமல் சுற்றும் ஒரு கோளிலிருந்து வெள்ளிக் கலமொன்று பூமிக்கு வருகிறது. வந்தவர்கள் ஏழு நாள் மனிதரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். விஞ்ஞானக் கதைகளிலேயே தலைசிறந்த செவ்வியல் படைப்பு என்று பின்னட்டையில் போட்டிருந்தது. ராஜலிங்கம் பின்னட்டை முழுவதையும் படித்திருந்தார்.

மிச்சம் எழுநூறு பக்கத்தையும் படித்தவள் ஜெஸீமா. அவள் ஆங்கில ஆசிரியை. தயாரிப்பாளர் மஹ்மூத் ஹாஜியாரின் தங்கை மகள். திரைக்கதையை அவள்தான் தமிழில் எழுதினாள். அதாவது, அவள் எழுதினாள், ராஜலிங்கம் கோடு போட்டு அடித்தார்.

“சேர், கதையில அவங்களுக்கு உடம்பே இல்ல. வெறும் வெளிச்சம்தான். அதுதான் அந்தக் கதையிட விசேஷமே.”

“உடம்பு இல்லாட்டி டூயட்டை யாரு டீச்சர் பாடுறது?”

“கதையில பாட்டு இல்லயே.”

“அதுதான் அந்தக் கதையோட குறை. ஆறு போட்டுக்குவோம்.”

இப்படியாக வெளிச்சம் ராணியாயிற்று. லண்டன் கண்டியாயிற்று. ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனவர்கள், வாவிக்கரையில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டுப் போவதென்று முடிவாயிற்று.

மஹ்மூத் ஹாஜியாருக்குக் கண்டியிலுள்ள கொழும்பு வீதியில் புடவைக் கடை. அவர் வாழ்நாளில் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை; இருட்டில் உட்கார்ந்தால் நித்திரை வந்துவிடும். ஆனால் எதிர்க்கடைக்காரர் தன் மகளின் கல்யாணத்துக்கு ஒரு மந்திரியையே கூட்டிவந்து கண்டியைக் கலக்கிவிட்டிருந்தார். ஹாஜியாருக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று தேவைப்பட்டது. மந்திரியைவிடப் பெரியவர் வேறு கிரகத்திலிருந்துதான் வரவேண்டும்.

படத்தின் வேலைகள் தடபுடலாக நடந்தன. வேலை என்றால் விழா. பெயர் சூட்டு விழா, பூசை விழா, சுவரொட்டி வெளியீட்டு விழா, பாடல் அறிமுக விழா. பாடல் அறிமுகத்தின்போது பாடல் இன்னும் எழுதப்படாததால் பாடலாசிரியரை அறிமுகம் செய்தார்கள். ஒவ்வொரு விழாவிலும் ஹாஜியார் ராஜலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்துவார். ராஜலிங்கம் ஹாஜியாருக்குப் போர்த்துவார். இரண்டும் ஹாஜியாரின் கடையிலிருந்து வந்து, கூட்டம் கலைந்ததும் மடித்தபடி கடைக்கே திரும்பிப் போகும். நூறாவது நாள் விழாவுக்கும் மண்டபம் சொல்லியாயிற்று.

குறை ஒன்றே ஒன்று. படம் பிடிக்கப் படச்சுருள் இல்லை.

அந்த நாளில் வெளிநாட்டுச் சாமான் எதுவுமே லேசில் கிடைக்காது; படச்சுருளைக் கொழும்பிலுள்ள ஒரு குழுதான் பங்கிட்டுக் கொடுத்தது. ராஜலிங்கம் எழுதிய பதினோராவது மனுவுக்குப் பதில் வந்தது. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழுவின் பெரியவர் ஒருவர் நேரில் வருவார். ஏற்பாடுகள் மெய்யாகவே நடந்திருப்பதைக் கண்ணால் கண்டால் அந்த இடத்திலேயே ஒப்பம் வைப்பார். இல்லாவிட்டால் சுருள் அடுத்த மனுக்காரருக்குப் போய்விடும். அடுத்த மனுக்காரர் கொழும்பில் ஒரு கூட்டுக் குடும்பக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கடிதத்தை ராஜலிங்கம் நின்றபடி மூன்று தரம் வாசித்தார். சனிக்கிழமை அந்த ஒப்பம் விழுந்தால் அவர் இயக்குநர் ராஜலிங்கம். விழாவிட்டால் திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கடிதங்களுக்கு முத்திரை ஒட்டும் ராஜலிங்கம். அதுவும், பக்கத்து மேசைக்காரர்கள் ஆறு மாதமாக ‘டைரக்டர்’ என்று கூப்பிட்டுப் பழகிய பிறகு.

நல்ல வேளையாகக் காட்டுவதற்கு ஒன்று தயாராக இருந்தது. அது சாதாரண ஒன்றுமல்ல. விண்கலம்.

அதைச் செய்தவர் கறுப்பையா. அதே தெல்தோட்டைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடமாகத் தகர வேலை. கூரைப் பீலி, புகைக்குழாய், தண்ணீர்த் தாங்கி என்று அந்த வட்டாரத்தில் தகரத்தில் எது நின்றாலும் அவர் கைபட்டதாகத்தான் இருக்கும். தோட்ட முதலாளி ஹாஜியாரின் கூட்டாளி. அரசாங்கம் எப்படியும் தோட்டத்தை எடுக்கப்போகிறது என்ற வெறுப்பில், “கலம் என்ன, கப்பலே கட்டிக்கோங்க” என்று இடம் கொடுத்துவிட்டார். ராஜலிங்கம் பெரிய அட்டையில் கலத்தைப் படமாகக் கீறி வந்து விரித்தார். முகிலைக் கிழித்துக்கொண்டு பறக்கும் கலம், அடியில் நெருப்பு, மேலே நட்சத்திரங்கள்.

கறுப்பையா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“நெருப்பு நம்ம செய்யணுமா சார்?”

“வேண்டாம் அண்ணே. கலம் மட்டும் போதும். அச்சு அசல் இது மாதிரியே. உலகம் பாத்து அசரணும்.”

“உலகத்த விடுங்க. ஒரு சொட்டு ஒழுகினாக்க என் பேர மாத்துங்க.”

கறுப்பையா சொன்னதைச் செய்கிற மனிதர். ஏழு வாரத்தில் தொழிற்சாலைக்கு மேலே உள்ள மேட்டில் கலம் எழுந்தது. மூன்று ஆள் உயரம். வயிறு உருண்டு, தலை கூம்பி, நான்கு கால்களில் நின்றது. தகரத்தின் மேல் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தார். திரை விலக்கு விழாவன்று காலை ராஜலிங்கமும் ஹாஜியாரும் ஜெஸீமாவும் கீழே பாதையில் காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தபோது மூடுபனி விலகி வெயில் அதன்மேல் விழுந்தது. மலை முழுவதும் பளீரென்றது. எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, ஒரே குரலில் “ஆத்தீ!” என்றார்கள்.

“மாஷா அல்லாஹ்!” என்றார் ஹாஜியார். “தம்பி, மெய்யாலுமே வந்து எறங்கின மாதிரி ஈக்கி!”

ராஜலிங்கம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் அவர் மெய்யாகவே இயக்குநராக இருந்தார்; அதை யாரும் மறுக்க முடியாது.

அது போன மாதம். வில்லங்கம் வந்தது வெள்ளிக்கிழமை, கொழும்புப் பெரியவர் வருவதற்கு முதல்நாள்.

தோட்டத்தை அரசாங்கம் எடுக்கும் அறிவித்தல் வந்துவிட்டிருந்தது. தோட்டத்தில் உள்ளதையெல்லாம் பட்டியல் எழுத யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ஒருவர் இரண்டு நாளாகத் தோட்டக் கந்தோரில் தங்கியிருந்தார். ஒல்லியான, மரியாதையான, எதையும் விடாத மனிதர். மேட்டில் மின்னிய சாமானைக் கண்டு, “உதென்ன?” என்று காவற்காரனைக் கேட்டிருக்கிறார். “தெரியலீங்க, கறுப்பையா அண்ணன் செஞ்சது” என்றிருக்கிறான் அவன். “கறுப்பையா என்ன செய்யிறவர்?” “தாங்கி செய்யிறவருங்க.” உத்தியோகத்தர் பட்டியலில் எழுதினார்: தண்ணீர்த் தாங்கி, ஒன்று, புதியது, குழாய் இணைப்பு இல்லை.

பட்டியலில் ஏறியது அரசாங்கச் சொத்து. அரசாங்கச் சொத்தை ஒரு தனியாளின் படத்துக்குரிய ஏற்பாடென்று காட்டினால் எந்தக் கொழும்புப் பெரியவர் ஒப்பம் வைப்பார்? செய்தி கேட்டதும் ராஜலிங்கம் கந்தோரில் வயிற்றுவலி என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஹாஜியாரின் காரில் ஏறினார். ஜெஸீமாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். இப்படியொரு நாளை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

உத்தியோகத்தர் கதிரைகளைக் காட்டி இருக்கச் சொன்னார்.

“ஐயா, நீங்க எழுதினது தண்ணித் தாங்கி இல்ல,” என்றார் ராஜலிங்கம், குரலில் கம்பீரத்தை வரவழைத்துக்கொண்டு. “அது விண்கலம்.”

“ஓம், விண்கலம்.” உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. “ஆனா பாருங்கோ, படிவத்தில விண்கலத்துக்கு நிரல் இல்லை. கட்டடம் இருக்கு, இயந்திரம் இருக்கு, கால்நடை இருக்கு, தாங்கி இருக்கு. இதில எது எண்டு நீங்களே சொல்லுங்கோ.”

ராஜலிங்கம் யோசித்தார்.

“கால்நடை இல்ல,” என்றார் ஹாஜியார், உதவி செய்யும் நோக்கத்தில்.

“மாமா, சும்மா இருங்க.” ஜெஸீமா முன்னால் நகர்ந்தாள். “வாகனத்துக்கு நிரல் இல்லையா ஐயா?”

“இருக்கு. வாகனமெண்டால் நல்லது. வெளியாக்கள் கொண்டுவந்து விட்ட வாகனத்தை நான் எழுதிறேல்லை. உது ஓடுமோ?”

“பறக்கும்,” என்றார் ராஜலிங்கம்.

“பறந்து காட்டுவியளோ?”

“படத்துல.”

உத்தியோகத்தர் பேனாவை மூடி வைத்தார். நியாயமான மனிதர்; யாரையும் நோகடிக்க விரும்பாதவர். பிறகு சொன்னார்: “சரி, இப்பிடிச் செய்வம். ஆள் ஏறி இறங்கிற சாமான் வாகனம். தண்ணி ஏறி இறங்கிற சாமான் தாங்கி. நாளைக்குக் காலம நான் மேட்டுக்கு வாறன். ஒராள் உள்ள போய் வெளிய வந்து காட்டட்டும். அந்த இடத்திலேயே பட்டியலில இருந்து வெட்டி விடுறன்.”

“அவ்வளவுதானா!” ராஜலிங்கம் துள்ளி எழும்பி, அவருடைய கையைப் பிடித்து இரண்டு கையாலும் குலுக்கினார். “ஐயா, நீங்க ஒரு கலா ரசிகர்!”

“இல்லை, நான் படம் பாக்கிறேல்லை.”

திரும்பி வரும் வழியெல்லாம் கார் கலகலத்தது. வழியில் கலகா ஊரைத் தாண்டுமுன்னே திட்டம் முடிந்துவிட்டது. கொழும்புப் பெரியவர் பத்து மணிக்கு வருகிறார். உத்தியோகத்தரையும் அதே பத்து மணிக்கு மேட்டுக்கு அழைப்பது. ஒரே ஏற்றத்தில் இரண்டு காரியம். பட்டியலில் கோடு விழும். அதே மையில், அதே வெயிலில், சுருளுக்கு ஒப்பமும் விழும்.

“தோட்டத்துத் தப்பு மேளக்காரங்களுக்குச் சொல்லிடுவோம்,” என்றார் ராஜலிங்கம். “பந்தல் வேணும். மாலை ரெண்டு. இல்ல, மூணு.”

“மூணாவது யாருக்கு?” என்றார் ஹாஜியார்.

“இறங்கி வாறவருக்கு.”

“யார் சேர் ஏறி இறங்கிறது?” என்று பின்சீட்டிலிருந்து கேட்டாள் ஜெஸீமா. “ராணியா நடிக்க ஆள் இன்னும் எடுக்கவே இல்லயே?”

ராஜலிங்கம் வெளியே தெரிந்த மலைகளைப் பார்த்தார். “வரலாறு என்னைக் கூப்பிடுது டீச்சர்.”

“வரலாறு அளவு எடுத்திச்சா? ஒங்களுக்கு உடுப்பு வேணுமே.”

“கடையில வெள்ளி சாட்டின் ஈக்கி,” என்றார் ஹாஜியார் உற்சாகமாக. “கல்யாண மேடைக்கு விரிக்கிறது. பதினெட்டு யார் நீளம். தையற்காரனுக்கு இப்பவே செல்லி அனுப்புறேன். தம்பிக்குக் காற்சட்டையும் வரும், பின்னால பறக்கத் துண்டும் வரும்.”

சனிக்கிழமை காலை மூடுபனிகூட நேரத்துக்கு விலகிவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஆள் இல்லை, எல்லாரும் மேட்டில். தப்பு அடித்த அடியில் தேயிலைச் செடிகள் சிலிர்த்தன. வாழைமரம், தோரணம், ‘ஒளிக்கோளே வருக’ என்று சிவப்பில் எழுதிய துணி. கொழும்புப் பெரியவர் தொப்பியும் கைத்தடியுமாகக் காரை விட்டு இறங்கினார். தமிழ் தெரியாத சிங்களவர்; ஆனால் மேட்டைப் பார்த்தவுடன் அவர் வாய் பிளந்ததற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஜெஸீமா பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் விளக்கினாள். “தன் வேலைக் காலத்தில இப்படி ஒண்ணப் பாத்ததே இல்லையாம், மாமா,” என்று ஹாஜியாரிடம் திரும்பிச் சொன்னபோது அவள் குரலும் ஏறியிருந்தது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். உத்தியோகத்தர் பட்டியலைத் திறந்து, அந்த வரியின்மேல் பேனாவை ஊன்றித் தயாராக நின்றார். இரண்டு பேனாக்கள்! ராஜலிங்கத்தின் நெஞ்சு தப்பைவிட வேகமாக அடித்தது.

அவர் பந்தலுக்குள்ளிருந்து வெளிப்பட்டார். தலையிலிருந்து கால்வரை வெள்ளி. பின்னால் துண்டு பறந்தது.

“யாருப்பா இது, கருவாட்டுப் பொட்டலமாட்டம்?” என்றாள் கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற அழகம்மா. கொழுந்து மலையில் அவள் வாய்க்குக் கங்காணியே ஒதுங்கிப் போவார்.

“டைரக்டர் சார் அக்கா.”

“அவரா! பாவம், வீட்டுல பாத்துக்க ஆளில்லையா?”

ராஜலிங்கத்தின் காதில் எதுவும் விழவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். தப்பு நின்றது. காற்றும் நின்ற மாதிரி இருந்தது. “மானிடர்களே!” என்று தொடங்கி, ஜெஸீமா எழுதாத ஒரு வசனத்தை மூச்சுவிடாமல் பேசினார். “இதோ, நான் என் கலத்துக்குள் பிரவேசித்து, உங்கள் முன் மீண்டும் தோன்றுவேன்!” என்று முடித்துவிட்டு, திரும்பி, நிமிர்ந்த நடையில் கலத்தின் பின்பக்கம் போய் மறைந்தார்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெரியவர் எட்டிப் பார்த்தார்.

மறுபக்கத்தால் ராஜலிங்கம் வெளியே வந்தார். கைதட்டல் மலையைப் பிளந்தது.

“உள்ள போனவரோ?” என்று உத்தியோகத்தர் கேட்டார்.

“இல்ல, இது சும்மா,” என்றார் ராஜலிங்கம். முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. நடையை நிறுத்தாமல் மறுபடி பின்பக்கம் போனார். கலத்தைக் கட்டிய நாளிலிருந்து அவர் அதை முன்பக்கமாக நின்றே பார்த்திருந்தார். புகைப்படம் எடுத்துக்கொண்டதும், மாலை வாங்கிக்கொண்டதும், பேசியதும் எல்லாம் முன்பக்கம்தான். இந்த முறை தகரத்தைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஈயத்தாள் வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது.

இரண்டாவது சுற்றும் முடிந்து அவர் வெளிப்பட்டபோது அழகம்மாவின் முகம் மாறியிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள். “ஏய், சிரிக்காதீங்க. சுத்தி வாறாரு பாரு. கும்பிடுங்கடி!”

பெண்கள் கைகூப்பினார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். தப்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சாமி ஊர்வலத்துக்கு அடிக்கும் அடியை மெல்லத் தொடங்கினார்கள். கொழும்புப் பெரியவர், ஊர் வழக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஹாஜியார் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

மூன்றாவது சுற்றில் ராஜலிங்கத்தின் நடை ஓட்டமாகிவிட்டது. பின்பக்கத்தில் ஏணியும் கையுமாகக் கறுப்பையா நின்றுகொண்டிருந்தார். ஈயத்தாள் எங்கேயாவது கிளம்பினால் ஒட்டிவிடலாம் என்று.

“அண்ணே!” ராஜலிங்கம் மூச்சிரைக்கக் கிசுகிசுத்தார். “எங்க அண்ணே?”

“எது சார்?”

“உள்ள போறது!”

“உள்ளயா?” கறுப்பையா ஏணியைக் கீழே வைத்தார். “உள்ள எதுக்கு சார்? நீங்க கீறிக் குடுத்ததுல அப்பிடி ஒண்ணும் இல்லீங்களே. ஊசி போற எடம் விடாம அடைச்சிருக்கேன். தட்டிப் பாருங்க, எங்கனயாச்சும் ஓட்ட இருக்கான்னு.”

முன்பக்கத்தில் தப்பு உச்சத்துக்குப் போய் நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

விண்கலத்துக்குக் கதவு வைக்கவில்லை.